ஐம்பது நிமிட ஐஸ்

எங்கள் ஊர் ஐஸ் ஸ்கேட்டிங் அரீனாவில் ஒரு மணி நேரம் என்றால் ஐம்பது நிமிடம்தான். மிச்சப் பத்து நிமிடம் ஸாம்போனி வண்டிக்கு. சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் செவ்வாய்க்கிழமை 6:00 முதல் 6:50 வரை என்று போட்டிருந்தால், சரியாக 6:50க்கு மணி அடிக்கும். பிள்ளைகள் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். வண்டி உள்ளே இறங்கி, பிளேடுகள் கீறிப்போட்ட மேல்தோலைச் சீவி எடுத்துக்கொண்டே, பின்னால் சுடுநீரை மெல்லிய படலமாக விட்டபடி சுற்றி வரும். ஐஸ் போட எதற்குச் சுடுநீர் என்று முதல் நாள் எனக்குப் புரியவில்லை. வண்டி ஓட்டுகிறவர்தான் சொன்னார்: சுடுநீர் பழைய ஐஸைக் கொஞ்சம் இளக்கி அதோடு ஒட்டிக்கொள்ளும், அதில் கரைந்த காற்றும் குறைவு, அதனால்தான் கண்ணாடி மாதிரி உறைகிறது என்று. 1949இல் கலிபோர்னியாவில் ரிங்க், அதாவது ஸ்கேட்டிங் ஐஸ் தளம், நடத்திக்கொண்டிருந்த ஃபிராங்க் ஸாம்போனி இந்த வண்டியைச் செய்தார். அதற்கு முன்னால் இதே வேலையைப் பல ஆட்கள் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் செய்துகொண்டிருந்தார்கள்.

அந்த வண்டிக்காரர் மணி விஷயத்தில் கறார். ஒரு நிமிடம்கூடத் தர மாட்டார். ஏழு மணிக்கு ஹாக்கிப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், அவர்களுக்கும் ஐம்பது நிமிடம்தானே.

என் மகள் ஐஸ் டான்ஸ், அதாவது ஸ்கேட் கட்டிக்கொண்டு ஜோடியாக ஆடும் நடனம், ஆடினாள். ஆறு வயதில் ஐஸில் கால் வைத்தாள், ஒன்பது வயதில் ஐஸ் டான்ஸுக்கு வந்தாள், பதினாறு வயதில் நின்றுபோனது. மாகாண அளவுப் போட்டிகளைத் தாண்டி அவள் போகவில்லை. அவளுடைய அந்தப் பத்து ஆண்டுகளை எழுதலாம் என்று உட்கார்ந்தால், மெடலும் உடையும் அல்ல, இந்த ஐம்பது நிமிடங்கள்தான் முன்னால் வந்து நிற்கின்றன.

நாங்கள் இருப்பது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், டொரொன்டோவுக்குக் கிழக்கே ஒரு சிறிய ஊரில். 2010 பிப்ரவரியில் வான்கூவரில் ஒலிம்பிக் நடந்தது. ஐஸ் டான்ஸ் இறுதிச் சுற்று முடியும்போது எங்கள் பக்கம் நள்ளிரவு நெருங்கிவிட்டது. மகள் தூங்கிவிட்டாள். மறுநாள் மறுஒளிபரப்பில்தான் பார்த்தாள். கனடா ஜோடி டெஸ்ஸா வெர்ச்சூவும் ஸ்காட் மொயரும் மாலரின் ஐந்தாவது சிம்பனிக்கு ஆடிய ஆட்டம். அப்போது டெஸ்ஸாவுக்கு இருபது வயது, ஸ்காட்டுக்கு இருபத்திரண்டு. ஒலிம்பிக் ஐஸ் டான்ஸில் வட அமெரிக்காவிலிருந்து யாரும் அதுவரை தங்கம் வாங்கியதில்லை. அவ்வளவு இளம் வயதில் யாருமே வாங்கியதில்லை. மகளுக்கு இதெல்லாம் தெரியாது. "அவங்க ரெண்டு பேரும் ஒரே ஆள் மாதிரி இருக்காங்க அம்மா" என்றாள். பிறகு எத்தனையோ விமர்சனங்களைப் படித்துவிட்டேன். ஐஸ் டான்ஸ் என்றால் என்ன என்பதை அதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்த ஆண்டே ஊர் கிளப்பில் கேன்ஸ்கேட் வகுப்பில் சேர்த்தேன். விழுவது எப்படி, எழுந்திருப்பது எப்படி என்பதில்தான் அந்த வகுப்பு தொடங்கும். கனடா முழுக்கச் சின்னப் பிள்ளைகள் ஐஸுக்குள் நுழைவது பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான்.

ஃபிகர் ஸ்கேட்டிங் என்றாலே தாவிச் சுழல்வதுதான் எல்லோருக்கும் நினைவு வரும். ஐஸ் டான்ஸில் அந்தப் பெரிய தாவல்கள் கிடையாது. பார்ட்னரைத் தூக்கி வீசுவதும் கிடையாது. தூக்கலாம், ஆனால் சாதாரண லிஃப்ட் என்றால் ஏழு விநாடிக்குள் இறக்கிவிட வேண்டும். இருவரும் ரொம்ப தூரம் பிரியக் கூடாது. அப்புறம் என்னதான் மிச்சம்? எட்ஜ். ஸ்கேட் பிளேடின் அடி தட்டையாக இருக்காது. நடுவில் குடைந்து, இரண்டு பக்கமும் இரண்டு விளிம்பு விட்டிருக்கும். உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்க விளிம்பு ஐஸைக் கடித்து, ஆளை வளைவாகக் கொண்டுபோகும். ஐஸ் டான்ஸ் முழுக்க இந்த வளைவுகளின் மேல்தான் நிற்கிறது. இரண்டு பேர் ஒருவருக்கொருவர் அரை அடி இடைவெளியில், ஒரே சாய்வில், ஒரே தாளத்தில், நான்கு பிளேடுகளும் ஒன்றையொன்று தொடாமல் போக வேண்டும். அதற்காகவே இவர்கள் போடும் பிளேடில் பின்பக்க வால் குட்டையாக இருக்கும், பார்ட்னர் மிதித்துவிடக் கூடாது என்று.

நல்ல எட்ஜுக்கு ஒரு சத்தம் உண்டு. காதுக்குப் பழகிவிட்டால், திரும்பிப் பார்க்காமலே யார் போகிறார்கள் என்று சொல்லிவிடலாம். மோசமான எட்ஜ் கரகரவென்று சுரண்டும். நல்லது ஆழமாக, ஒரே சீராக, கெட்டித் துணியை நிதானமாகக் கிழிப்பது போல வரும். மகளிடமிருந்து அந்தச் சத்தம் வர மூன்று ஆண்டுகள் ஆயின. வந்த அன்று அவளுடைய கோச் தூரத்திலிருந்து என்னைப் பார்த்துத் தன் காதைத் தொட்டுக் காட்டினார். அந்த நொடி எனக்கு எந்த மெடலுக்கும் குறைந்ததில்லை.

இதற்கு ஐஸ் எப்படி இருக்கிறது என்பதும் முக்கியம். எட்ஜ் நன்றாகப் பிடிக்க ஐஸ் கொஞ்சம் இளகலாக, மைனஸ் 3, 4 டிகிரியில் இருந்தால் நல்லது. ஹாக்கிக்குக் கெட்டியாக வேண்டும், அதைவிட இன்னும் ஓரிரு டிகிரி குளிர். ஊர் ரிங்க் ஒன்றேதான், இரண்டு பேருக்கும் அதுதான். கான்கிரீட் தளத்துக்கு அடியில் ஓடும் குழாய்களில் உப்புக் கரைசல் உறையாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு மேல் மூன்று நான்கு சென்டிமீட்டர் ஐஸ், அவ்வளவுதான். வட அமெரிக்க ஹாக்கி அளவு ரிங்க் 200 அடி நீளம், 85 அடி அகலம். ஒலிம்பிக் ரிங்க் நீளத்தில் கிட்டத்தட்ட அதே, அகலத்தில் பெரியது, 60க்கு 30 மீட்டர். ஊர் ரிங்கில் பழகிய ஜோடி பெரிய ரிங்குக்குப் போனால் முதல் நாள் வளைவுகள் எல்லாம் சுவரிலிருந்து விலகித் திண்டாடும். திரும்பி வந்தால் சுவர் முகத்துக்கு நேராக வரும்.

ஊர் கிளப்புகள் ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது பேட்டர்ன் டான்ஸ் பற்றித்தான். டச் வால்ட்ஸ், கனாஸ்டா டாங்கோ, ஃபோர்டீன்ஸ்டெப், கிலியன், ஸ்டார்லைட் வால்ட்ஸ் என்று வரிசையாகப் பாடங்கள். ஒவ்வொன்றிலும் எந்தக் காலடி, எந்த எட்ஜில், ரிங்கின் எந்த இடத்தில் விழ வேண்டும் என்று வரைபடமே இருக்கிறது. முழு ரிங்கையும் சுற்றி வந்து ஆட வேண்டும். உலகப் போட்டிகளிலேயே 2010 வரை இதைத் தனிச் சுற்றாக வைத்திருந்தார்கள். பிறகு அதை எடுத்துவிட்டு, இப்போது ரிதம் டான்ஸ், ஃப்ரீ டான்ஸ் என்று இரண்டே சுற்று. பிள்ளைகள் மட்டும் இன்றும் பேட்டர்னில்தான் தொடங்குகிறார்கள். பொதுமக்கள் சுற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் இதைப் பழகவே முடியாது. முழு ஐஸும் வேண்டும், யாருடைய இசை ஓடுகிறதோ அவருக்கு மற்றவர்கள் வழிவிட வேண்டும் என்ற ஒழுங்கும் வேண்டும். எங்கள் கிளப்பில் இசை ஓடும் பிள்ளை இடுப்பில் ஒரு சிவப்புப் பட்டை கட்டிக்கொள்ளும். அதைப் பார்த்ததும் மூத்த பெண்கள்கூட ஒதுங்கி நிற்பார்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை!

2013 மார்ச்சில் உலகச் சாம்பியன்ஷிப் ஒன்டாரியோவின் லண்டன் நகரில் நடந்தது. டெஸ்ஸா பிறந்த ஊர். ஸ்காட் வளர்ந்த இல்டர்ட்டன் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். மேல் வரிசையில் இடம் கிடைத்தது. 'கார்மென்' இசைக்கு ஆடினார்கள். அரங்கமே அவர்களுடையது, இருந்தும் தங்கம் அமெரிக்காவின் மெரில் டேவிஸ், சார்லி வைட் ஜோடிக்குப் போனது. தங்கியிருந்த இடத்துக்கு வரும் வழியெல்லாம் மகள் பேசவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது மறுநாள் காலையைப் பற்றி. திரும்பும்முன் இல்டர்ட்டன் வழியாகப் போகலாம் என்று காரைத் திருப்பினேன். சுற்றிலும் வயல், நடுவில் சின்ன ஊர். அரீனாவைத் தேடிப்போய்ப் பார்த்தோம். எங்கள் ஊர் அரீனாவுக்கும் அதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மகளும் அதையேதான் சொன்னாள்: "இது நம்ம ரிங்க் மாதிரியே இருக்கே." அவள் குரலில் ஏமாற்றம் இல்லை. அடுத்த வாரமே ஐஸ் டான்ஸில் சேர்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

1997இல் அந்த மாதிரி ஒரு இடத்தில்தான் ஸ்காட்டின் ஆன்ட்டி கரோல் மொயர் ஏழு வயது டெஸ்ஸாவையும் ஒன்பது வயது ஸ்காட்டையும் ஜோடி சேர்த்தார். ஸ்காட்டின் தாயார் ஆல்மாவும் அங்கே கோச். ஒரு குடும்பமே ஐஸில் நின்று ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஊர் அது. இருவரில் யாருடைய கால் வலுவானது, யாருடைய காது கூர்மையானது என்றெல்லாம் கணக்குப் போட எந்த நிபுணர் குழுவும் வரவில்லை. தினமும் பார்க்கிற ஒருவர், இந்தப் பிள்ளை அந்தப் பிள்ளையோடு நன்றாகப் போகும் என்று நினைத்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் அந்தக் கை பிரியவில்லை. 2019 செப்டம்பரில் ஓய்வை அறிவிக்கும்போது அவர்களிடம் ஐந்து ஒலிம்பிக் பதக்கங்கள் இருந்தன. ஃபிகர் ஸ்கேட்டிங்கில் அதற்கு மேல் வாங்கியவர்கள் கிடையாது.

இந்தக் கதையை இங்கேயே நிறுத்தினால் பொய்யாகிவிடும். இல்டர்ட்டன் அவர்களை ஒலிம்பிக்குக் கொண்டுபோகவில்லை. சில ஆண்டுகளிலேயே கிச்சனர்-வாட்டர்லூவுக்குப் பயிற்சிக்குப் போனார்கள். அதுவும் போதாமல், பதின்ம வயதிலேயே எல்லை தாண்டி அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில் கான்டன் என்ற ஊருக்குப் போய், இகோர் ஷ்பில்பாண்ட், மரீனா சூயேவா இருவரிடமும் சேர்ந்தார்கள். ஊர் ரிங்கில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கிடைப்பதே பெரிது. உலக அளவில் ஆடுகிறவர்களுக்கு நாள் முழுக்க ஐஸ் வேண்டும். கோடையில் வேண்டும். இதை ஸ்கேட்டிங் தெரியாதவர்களுக்குச் சொன்னால் ஆச்சரியப்படுவார்கள்: ஒன்டாரியோவின் பல ஊர்களில் வசந்தம் வந்தால் ஐஸை உடைத்து எடுத்துவிடுவார்கள். வெறும் கான்கிரீட் தளத்தில் லாக்ராஸ் ஆடுவார்கள். செப்டம்பர் வரை ஊரில் ஐஸே இருக்காது. எட்ஜ் ஐந்து மாதம் காத்திருக்காது. அதனால் ஏப்ரல் வந்தால் கோடை ஐஸ் வைத்திருக்கும் ஊர்களைத் தேடி நாங்கள் ஓடுவோம். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம், நடுவில் அதே ஐம்பது நிமிடம்.

இன்னொரு காரணமும் உண்டு, அது நேரத்தைவிடப் பெரியது. தன்னைவிட நன்றாக ஆடுகிற ஜோடியைத் தினமும் கண்ணெதிரே பார்க்க வேண்டும். கான்டனில் வெர்ச்சூ, மொயர் ஆடிய அதே ஐஸில்தான் டேவிஸும் வைட்டும் ஆடினார்கள். அதே கோச்சுகள். அவர்களும் 1997இல் ஜோடி சேர்ந்தவர்கள்தான், மிஷிகன் பிள்ளைகள். 2010இல் கனடா ஜோடிக்குத் தங்கம், அவர்களுக்கு வெள்ளி. 2014 சோச்சியில் அது அப்படியே மாறியது. உலகத்தில் முதல் இரண்டு இடத்தில் இருப்பவர்கள் தினமும் காலையில் ஒரே வாசல் வழியாக ரிங்குக்குள் போயிருக்கிறார்கள். மனசுக்கு எவ்வளவு கனமாக இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன்.

2008 அக்டோபரில் டெஸ்ஸாவின் கால்களில் அறுவை சிகிச்சை நடந்தது. கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவிலுள்ள தசை, பயிற்சியின்போது வீங்கித் தன் உறைக்குள்ளேயே நெருக்குண்டு வலிக்கும் நோய். அவள் லண்டனில் குணமாகிக்கொண்டிருக்க, ஸ்காட் கான்டனில் தனியாக ஹாக்கி மட்டையையும் மணல் மூட்டையையும் பார்ட்னராக வைத்துப் பழகினார். அந்த நாட்களில் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை என்று பின்னாளில் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். வான்கூவருக்கு ஒன்றரை ஆண்டுகூட இல்லாத நேரம் அது. 2010 அக்டோபரில் மறுபடி அறுவை சிகிச்சை. இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு அந்த மாலர் ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். டெஸ்ஸாவின் முகத்தை விட்டுவிட்டுக் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகளுக்குப் பார்ட்னர் கிடைக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. இது ஊர் ரிங்குகளின் தீராத குறை. ஐஸ் டான்ஸ் ஆட ஆசைப்படும் பெண் பிள்ளைகள் நிறைய, பையன்கள் ஒருவர் இருவர். ஐஸில் வேகமாகப் போகிற பையனை எல்லோரும் ஹாக்கிக்குத்தான் அனுப்புகிறார்கள். அதனால் பெண் பிள்ளைகள் டெஸ்ட்டுகளை கோச்சையே பார்ட்னராக வைத்து ஆடுவார்கள். நாற்பது வயதுக்காரர் பத்து வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, தன் நீளக் காலடியை அவளுக்காகக் குறுக்கி டச் வால்ட்ஸ் ஆடுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். ஆனால் போட்டிக்கு அது உதவாது. 2022 டிசம்பரில் நாட்டின் ஸ்கேட்டிங் அமைப்பான ஸ்கேட் கனடா ஒரு நல்ல காரியம் செய்தது. உள்நாட்டுப் போட்டிகளில் ஜோடி என்றால் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் என்று இருந்த விதியை, இரண்டு ஸ்கேட்டர்கள் என்று மாற்றியது. இது என் மகளின் காலத்தில் இருந்திருந்தால், பக்கத்திலேயே ஆடிக்கொண்டிருந்த அவளுடைய தோழியோடு அந்த இரண்டு ஆண்டுகளும் வீணாகாமல் போயிருக்கும். எத்தனையோ நல்ல ஜோடிகளை நாம் சேர்க்காமலே விட்டுவிட்டோம் என்பது என் எண்ணம்.

பதினொரு வயதில் ஒரு பையன் கிடைத்தான். பக்கத்து ஊர்க்காரன், அமைதியானவன். அவனுடைய அம்மாவும் நானும் மாற்றி மாற்றிக் கார் ஓட்டினோம். பூட்ஸும் பிளேடும் சேர்ந்து ஆயிரம் டாலரைத் தாண்டின, அதுவும் கால் வளர வளர மாற்ற வேண்டும். சாணை பிடிக்க எல்லோரிடமும் கொடுக்க முடியாது. ஹாக்கி பிளேடுக்குப் பிடிக்கிற மாதிரி பிடித்துவிட்டால் அந்த வாரம் போயிற்று. ஒருமுறை அப்படி நடந்தது, போட்டிக்கு இரண்டு நாள் முன்னால். இரண்டு பேரும் டாங்கோ முழுக்கத் தடுக்கித் தடுக்கி ஆடிவிட்டுக் கடைசி இடத்தோடு வந்தார்கள். காரில் பின்சீட்டில் உட்கார்ந்து, யார் மேலும் குறை சொல்லாமல், எந்த இடத்தில் யார் யாரைத் தாங்கிப் பிடித்தார்கள் என்று பேசிக்கொண்டே வந்தார்கள். அன்றைக்குத்தான் இவர்கள் ஜோடி ஆகிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

2018 பிப்ரவரி 19, திங்கட்கிழமை. ஒன்டாரியோவில் குடும்ப நாள் விடுமுறை. பியொங்சாங்கில் மறுநாள் பகல், எங்களுக்கு நள்ளிரவை நெருங்கும் நேரம். இந்த முறை மகளுக்குப் பதினான்கு வயது, தூங்கவில்லை. 2014க்குப் பிறகு இரண்டு ஆண்டு போட்டிகளை விட்டுவிட்டுத் திரும்பி வந்திருந்தார்கள் வெர்ச்சூவும் மொயரும். 'மூலான் ரூஷ்' இசைக்கு ஆடினார்கள். மொத்தம் 206.07 புள்ளிகள். பிரான்சின் பாப்படாகிஸ், சிசெரோன் ஜோடிக்கு 205.28. இடைவெளி 0.79. ஒற்றைக் காலில் சுழன்றபடியே நகரும் ஒரே ஒரு ட்விஸில் சுழற்சியில் கொஞ்சம் தடுமாறினாலே போய்விடக்கூடிய இடைவெளி அது. மகள் கத்தவில்லை, கைகளால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு மணியைப் பார்த்துவிட்டு, "அம்மா, காலைல ஆறு மணிக்கு ஐஸ்" என்றாள். செவ்வாய்க்கிழமை. நான்கு மணி நேரம் தூங்கிவிட்டுப் போனோம். பார்ட்னர் பையனும் தூங்காத கண்ணோடு வந்திருந்தான். அந்த ஐம்பது நிமிடம் அவர்கள் ஆடியதுபோல அதற்கு முன்னாலும் பின்னாலும் ஆடியதில்லை.

அந்தத் தங்கமும் அந்த வெள்ளியும் ஒரே ரிங்கிலிருந்து போனவை. மான்ட்ரியலில் மரி-ஃபிரான்ஸ் துப்ரே, பத்ரீஸ் லோசோன் தம்பதி நடத்திய பயிற்சிப் பள்ளி அது. அன்றைக்கு அவர்கள் இயங்கிய இடம் காட்புவா. பளபளப்பான தேசிய மையம் என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய நெடுஞ்சாலைச் சந்திப்பை ஒட்டி நிற்கும் நகராட்சிப் பொழுதுபோக்குக் கூடம். அந்த வட்டாரத்து மக்களுக்காகக் கட்டியது. இதை நான் எங்கள் நகரசபைக் கூட்டத்திலும் சொன்னேன், அதற்கு இப்போது வருகிறேன்.

2020 மார்ச்சில் உலகச் சாம்பியன்ஷிப் மான்ட்ரியலில் நடப்பதாக இருந்தது. டிக்கெட் வாங்கி வைத்திருந்தோம். கோவிட் வந்தது, போட்டி ரத்தானது. அதே வாரம் ஊர் அரீனாவையும் மூடினார்கள். குளிரூட்டும் இயந்திரத்தை நிறுத்தி, ஐஸையும் எடுத்துவிட்டார்கள். இலையுதிர் காலத்தில் திறந்தபோது ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு ஸ்கேட் செய்யலாம் என்றார்கள். இரண்டு வீட்டுப் பிள்ளைகள் கைகோத்து ஆட வழியில்லை. ஐஸ் டான்ஸில் கை கோக்காமல் எதை ஆடுவது? ரிங்கின் இரண்டு முனைகளில் நின்று, இல்லாத ஆளைப் பிடித்தபடி இருவரும் அதே காலடிகளைப் போட்டுப் பழகினார்கள். சில மாதங்கள் அப்படி ஓடின. பிறகு பையனின் குடும்பம் வேலை நிமித்தம் மேற்கே போய்விட்டது. கடைசிப் போட்டி எது என்று அந்த நேரத்தில் எங்களுக்குத் தெரியவே இல்லை. தெரியாமலே ஆடி முடித்திருக்கிறார்கள்.

அடுத்த அடி அரீனாவுக்கு விழுந்தது. ஒன்டாரியோவில் நிறைய ஊர் அரீனாக்களின் பெயரில் 'மெமோரியல்' என்றோ 'சென்டென்னியல்' என்றோ இருக்கும். போரில் இறந்தவர்களின் நினைவாகக் கட்டியவை ஒரு தலைமுறை, 1967இல் நாட்டின் நூற்றாண்டுக்காகக் கட்டியவை அடுத்த தலைமுறை. எங்களுடையதும் அந்த வயதுதான். குளிரூட்டும் இயந்திரம் பழசாகிவிட்டது, கூரை ஒழுகுகிறது. செலவு உண்மையிலேயே பெரியது. அம்மோனியா ஓடும் இயந்திரங்களை அலட்சியமாக விடவும் முடியாது. 2017இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஃபெர்னி என்ற ஊர் அரீனாவில் அம்மோனியா கசிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். அதனால் பழுது பார்க்காமல் ஓட்டுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. நகரசபையில் வந்த யோசனை வேறு: இதை மூடிவிட்டு, நாற்பது நிமிடத் தூரத்தில் உள்ள புதிய பெரிய கூடத்துக்கு எல்லோரும் போகட்டும் என்பது.

நான் மேடையில் பேசிப் பழகியவள் இல்லை. மூன்று நிமிடம் கொடுத்தார்கள். இல்டர்ட்டனைச் சொன்னேன், காட்புவாவைச் சொன்னேன். ஆறு வயதுப் பிள்ளையை யாரும் நாற்பது நிமிடம் ஓட்டிக்கொண்டு போய் விழுந்து எழப் பழக்க மாட்டார்கள் என்று சொன்னேன். நடந்து வருகிற தூரத்தில் ஐஸ் இருந்தால்தான் ஒரு பிள்ளை சும்மா வந்து பார்க்கும். சும்மா வந்து பார்க்கிற நூறு பேரில் பத்துப் பேர் தங்குவார்கள். அந்தப் பத்துப் பேருக்காக ஒரு கோச் அந்த ஊரில் இருப்பார். பெரிய மையங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அங்கே போய்ச் சேரும் பிள்ளை எங்கிருந்து புறப்படும் என்றுதான் கேட்டேன். ஹாக்கிப் பெற்றோர்களும் அன்று எங்களோடு வந்து நின்றார்கள். காலை ஐஸுக்காக இத்தனை ஆண்டுகள் எங்களோடு முறைத்துக்கொண்டிருந்தவர்கள்! இரண்டு ஆண்டு இழுபறிக்குப் பிறகு இயந்திரத்தை மாற்ற ஒப்புக்கொண்டார்கள்.

ஸ்காட் மொயர் ஊர்ப் பக்கமே திரும்பி வந்துவிட்டார். லண்டனை ஒட்டிய கொமோகாவில் 2021 முதல் மான்ட்ரியல் பள்ளியின் ஒன்டாரியோ கிளையை நடத்துகிறார். வேறு நாட்டு ஜோடிகள்கூட அங்கே வந்து பயிற்சி பெறுகிறார்கள். அவருடைய காலத்தில் அங்கே அப்படி ஒன்று இருந்திருந்தால் பதின்ம வயதில் எல்லை தாண்டியிருக்க வேண்டாம். செய்தியைப் படித்த அன்று மகளுக்கு அனுப்பினேன். "தெரியும் அம்மா" என்று ஒரு வரி பதில் வந்தது. அடுத்த நாள், "நானும் கோச் தேர்வு எழுதலாம்னு பார்க்கிறேன்" என்று இன்னொரு வரி.

சென்ற செப்டம்பரில் புதிய ஐஸ் போட்டார்கள். மெல்லிய படலங்களாக நீர் தெளித்து உறையவிட்டு, வெள்ளை பூசி, ஹாக்கிக் கோடுகள் வரைந்து, அதற்கு மேல் இன்னும் படலம் படலமாக. அட்டவணையில் செவ்வாய் 6:00 முதல் 6:50 வரை மறுபடி கிளப்புக்கு வந்திருந்தது. மகள் அந்த வேளையில் சொல்லிக்கொடுக்கிறாள். இப்போது எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. இருந்தும் ஒரு நாள் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

எட்டு வயது இருக்கும், இரண்டு பெண் பிள்ளைகள். டச் வால்ட்ஸ். ஒருத்தி வேகமாகப் போகிறாள், இன்னொருத்தி எண்ணிக்கொண்டே வருகிறாள். மகள் அவர்களுக்கு முன்னால் பின்பக்கமாகப் போய்க்கொண்டே கையால் தாளம் காட்டினாள். கடைசி முறையாக இசையைப் போட்டபோது 6:49. வண்டிக்காரர் கதவருகே வந்து நின்றார், அதே ஆள், தலை நரைத்துவிட்டது. மணி அடிக்கும் பொத்தானுக்கு அவர் கை போனதைப் பார்த்தேன். பிள்ளைகள் ரிங்கின் தூரத்து மூலையில் இருந்தார்கள். இன்னும் பாதிப் பேட்டர்ன் மிச்சம். 6:50 ஆனது. அவர் கையை எடுத்துக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். பிள்ளைகள் அந்த நீளப் பக்கத்தை முடித்து, வளைவு திரும்பி, இசை நிற்கும் இடத்தில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நிற்கும் வரைக்கும் அவர் வண்டியில் ஏறவில்லை.